பிழை யாருடையது?

இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை நடத்தும்போது ‘உடைந்தது’, ‘உடைத்தான்’ என்னும் இணையைக் கரும்பலகையில் எழுதாத தமிழாசிரியர் இருக்க முடியாது. நானும் பல ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். அவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ளது ஓர் எழுத்தின் வேறுபாடு என்று சொல்லி நடத்தி முடித்துவிடுவது வழக்கம். ஆயின் வீட்டில் கண்ணாடிக் குவளையைக் கைதவறவிட்ட பிள்ளை அன்னையிடம் ஓடிவந்து, “அம்மா, கிளாஸ் உடைஞ்சிருச்சு” என்றுதான் சொல்கிறது. “உடைச்சிட்டேன்” என்று சொல்லும் பிள்ளையை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அந்த ஓர் எழுத்துக்குள் ஓர் ஆள் மறைந்துகொள்ள முடிகிறது. பிள்ளைகளைச் சொல்வானேன்? அறுபது வயதைத் தொட்டுவிட்ட நானே அண்மையில் அவ்வாறு மறைந்துகொண்டேன். மறைவிடமாகக் கிடைத்தது ஒரு பழைய கேமரா.

நகர மண்டபத்துக்கு அருகே பெனின்சுலா கடைத்தொகுதியில் பிறர் பயன்படுத்திய கேமராக்களை விற்கும் கடைகள் உள்ளதைச் சிங்கப்பூர் வாசகர்கள் அறிவர். அங்கே ஒரு கண்ணாடிப் பேழைக்குள் கான்டாக்ஸ் ஜி1 என்னும் கருவியைக் கண்டேன். ஜப்பானின் கியோசெரா நிறுவனம் 1994ஆம் ஆண்டு வெளியிட்டது அது. டைட்டேனியத் தகட்டு உடல். 45 மில்லிமீட்டர் பிளானர் வில்லை. படச்சுருளில் படமெடுப்பது, ஆனாலும் தொலைவைத் தானே அளந்து குவியம் காண்பது. அந்த நிறுவனம் கான்டாக்ஸ் வரிசையையே 2005ஆம் ஆண்டு கைவிடுவதாக அறிவித்துவிட்டது. ஆகவே இனிமேல் இத்தகைய கருவியை எவர் வாங்கினாலும் இன்னொருவர் கை பட்டதைத்தான் வாங்க வேண்டும்.

கைபேசியிலேயே படமெடுக்கும் காலத்தில் இது எதற்கு என்று மனைவி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். அப்பா 1970களில் வாங்கிய யாஷிகா எலக்ட்ரோ 35 எங்கள் வீட்டில் இருக்கிறது. நான் படமெடுக்கக் கற்றது அதில்தான். அதன் சாளரத்தில் பார்த்தால் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு கட்டம் தெரியும். அக்கட்டத்துக்குள் ஒவ்வொரு பொருளும் இரட்டையாக நிற்கும். வில்லையின் வளையத்தைத் திருகத் திருக அவ்விரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றான இடமே குவியம். என் கண்களுக்கு இப்போது அந்த இரட்டை ஒன்றாவதே தெரிவதில்லை. மருத்துவர் கண்புரை தொடங்கியிருப்பதாகச் சொன்னார். கண் செய்ய மாட்டாத வேலையைக் கருவியே செய்து தருமானால் அதனிடம் கொடுத்துவிடலாம் என்பதே என் கணக்கு.

முதல் வாரம் நான் பெற்ற மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. விசையைப் பாதி அழுத்தினால் தொலைவு அளக்கப்பட்டுவிடுகிறது. முழுதும் அழுத்தினால் வில்லை நகரும் மெல்லிய ஒலியோடு படம் பதிந்து, சுருளும் தானே அடுத்த கட்டத்துக்கு நகர்ந்து நிற்கிறது. திருகும் வேலை இல்லை. கண்ணைச் சுருக்கும் வேலை இல்லை. ஆயினும் ஏதோ ஒன்று குறைவதுபோல் தோன்றிக்கொண்டே இருந்தது. சில நாள்களுக்குப் பிறகே அது என்னவென்று புரிந்தது. இந்தச் சாளரத்தில் எல்லாமே தெளிவாகத் தெரிகின்றன. அருகில் நிற்கும் பூச்சட்டியும் தெளிவு, எதிர்ப் புளோக்கின் சாளரங்களும் தெளிவு. நாம் பார்ப்பது வில்லையின் வழியாக அன்று. தனியே அமைந்த ஒரு கண்ணாடி வழியாக. வில்லை எதைத் தெளிவாகப் பிடித்தது என்பதை அந்தக் கண்ணாடி காட்டாது. எலக்ட்ரோவிலும் சாளரம் தனியேதான். ஆனால் அங்கே மஞ்சள் கட்டம் இருந்தது. இங்கே அதற்கு ஈடாக, குறிவைத்த தொலைவைக் காட்டும் ஒரு சிறு அளவுகோல் சாளரத்தின் அடியில் தெரிகிறது. அதை நான் முதல் நாளில் பார்த்து வியந்தேன். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கருவி எவ்வாறு அளக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கட்டைவிரலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து மாற்றி மாற்றிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வதுபோல் தோன்றும். விரல் அருகே இருந்தால் பெயர்ச்சி மிகுதி, தொலைவில் இருந்தால் குறைவு. இரண்டு கண்களுக்கிடையே உள்ள தொலைவு தெரிந்தால் விரலின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். ஜெர்மனியில் 1932ஆம் ஆண்டு லைக்காவின் இரண்டாம் வடிவும் முதல் கான்டாக்ஸும் வில்லையோடு இணைந்த தொலைவளவியைக் கொண்டு வெளிவந்தபோது, இந்தக் கோணக் கணக்கே அவற்றின் அடிப்படை. இரு சிறு சாளரங்கள் இரு கண்களாக நிற்க, இரண்டு உருவங்களையும் பொருத்திப் பார்க்கும் வேலையை மனிதனின் கண் செய்தது. அந்தப் பொருத்தும் வேலையையும் கருவியிடம் ஒப்படைத்து, கடைக்கு வந்து பெருமளவில் விற்ற முதல் கேமரா 1977ஆம் ஆண்டின் கொனிக்கா சி35 ஏஎஃப். ஜப்பானில் அதற்கு ‘ஜஸ்பின்’ என்று செல்லப்பெயர். குறி அப்படியே சரியாக விழும் என்று பொருள்படும் பெயர். நான் வாங்கிய கருவியும் அந்த வழியில் வந்ததே. முகப்பில் இரண்டு சாளரங்கள் உள்ளன. அவற்றின் வழியே வரும் உருவங்களைச் சிறு உணரிகள் ஒப்பிடுகின்றன. எங்கே பார்த்து ஒப்பிடுகின்றன? படத்தின் நடுவில்.

இனி நடந்ததற்கு வருகிறேன். என் பேரனுக்குத் தொட்டிலிட்ட நாளன்று ஈப்போவிலிருந்து அத்தை வந்திருந்தார். என் தந்தைக்கு மூத்தவர், வயது எண்பத்தேழு. பெற்றோர் விட்டுச் சென்ற வீட்டை விற்ற வகையில் அக்காளுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே வேண்டியதில்லை. எனக்கு அது இன்றளவும் தெளிவாகத் தெரியாது. அன்று பிற்பகல் விருந்தினர் கலைந்த பிறகு, கூடத்துச் சுவரோரம் நின்றிருந்த அப்பாவின் பக்கத்தில் அத்தை தாமாகவே வந்து நின்றார். “எடுய்யா ஒரு படம்” என்றார். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் அளவு இடைவெளி. மங்கிய வெளிச்சம் என்பதால் வில்லையின் துளையை முழுதும் திறந்து வைத்திருந்தேன். கை நடுங்கிவிடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தோடு விசையை ஒரே அழுத்தாக அழுத்தினேன். ஒரு படம்தான். அடுத்த படத்துக்குள் குழந்தை அழுதது. அத்தை உள்ளே போய்விட்டார்.

சுருளில் முப்பத்தாறு படங்கள். அவை தீர மூன்று வாரம் ஆயிற்று. கழுவி வாங்கிய படங்களைக் கடை வாசலிலேயே நின்று பார்த்தேன். அந்தப் படத்தில் சுவரில் தொங்கிய நாட்காட்டி அத்துணைத் தெளிவு! தேதித்தாளின் எண் பளிச்சென்று நின்றது. மேலே ஆணியில் நூல் சுற்றியிருந்ததுகூடத் தெரிந்தது. அப்பாவும் அத்தையும் ஆவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் நிற்பவர்கள் போலிருந்தனர். இருவருக்கும் இடையே இருந்த வெற்றிடத்தின் வழியாகக் கருவி சுவரைப் பார்த்திருக்கிறது. அவ்வளவு அகலமாகத் துளையைத் திறந்தால், இரண்டு மீட்டர் தொலைவில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய கால் மீட்டர்தான். சுவரோ அவர்களுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தது. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் சிறிதும் பிசகாமல் பதிந்திருக்க, உரிப்பொருள் மட்டும் கலைந்துபோன செய்யுள் என்று தமிழாசிரியர்கள் இதனைச் சொல்லலாம். அன்று எனக்கு அந்த வேடிக்கை தோன்றவில்லை.

அப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். பழைய கை அல்லவா! “நடுவுல பிடிச்சிட்டியா?” என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே ஈப்போவிலிருந்து அத்தை தொலைபேசியில் அழைத்து, படம் எப்படி வந்திருக்கிறது என்றார். “பழைய கேமரா அத்தை. அது தப்பு பண்ணிடுச்சு. படம் கலங்கிப்போச்சு” என்றேன். அப்பா எதிர் நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்தார். மீண்டும் செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார்.

நான் சொன்னது பொய்யா? படம் கலங்கியது உண்மை. கேமரா பழையது என்பதும் உண்மை. ‘அது தப்பு பண்ணிடுச்சு’ என்ற நடுவாக்கியம் ஒன்றுதான் உறுத்தியது. கருவி தவறவே இல்லை. நடுவில் இருப்பதன் தொலைவை அளப்பது அதன் வேலை. சுவரின் தொலைவை மிகச் சரியாக அளந்தது. முகம் என்றால் என்ன, அக்காள் என்றால் என்ன, பத்தொன்பது ஆண்டு என்றால் என்ன என்பவற்றை அளக்கும் சாளரம் அதில் இல்லை. அவற்றை அதற்குச் சொல்லும் வழியோ இருந்தது. அத்தையின் முகத்தை நடுவில் வைத்து விசையைப் பாதி அழுத்தி, அழுத்தியபடியே கருவியைத் திருப்பி இருவரையும் கட்டத்துக்குள் கொண்டுவந்து பிறகு முழுதும் அழுத்தியிருந்தால் போதும். இதை விற்றவரே கடையில் எனக்குச் செய்து காட்டினார். செய்யத் தவறினாலும், கருவி சுவருக்குக் குறிவைத்ததை அளவுகோல் சாளரத்தின் அடியிலேயே காட்டிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியதைக் கருவி சொல்லிவிட்டது. கேட்க வேண்டியவன் கேட்கவில்லை.

என் சார்பாகவும் ஒருவர் வாதாடலாம். தானே குவியம் காணும் என்று சொல்லித்தானே இத்தகைய கருவிகள் விற்கப்பட்டன? ‘ஜஸ்பின்’ என்ற பெயரே ஒரு வாக்குறுதி அல்லவா? வாக்குறுதியை நம்பியவன் மீது எப்படிக் குற்றம் சாரும்? இவ்வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பேருந்து ஓட்டுநரை நம்பி ஏறுகிறோம்; மருந்துச்சீட்டை நம்பி விழுங்குகிறோம். நம்பாமல் ஒரு நாளும் கழியாது. கண்புரை கொண்டவன் கருவியை நம்புவதில் இழுக்கு ஒன்றுமில்லை. எலக்ட்ரோவை எடுத்திருந்தால் அன்று எனக்கு எந்தப் படமும் தேறியிராது என்பதும் மெய்யே. ஆகவே பழையதே மேல் என்று பாடும் கூட்டத்தில் நான் சேரவில்லை.

ஆயினும் எலக்ட்ரோவில் படமெடுக்கையில் நடந்த ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். இரட்டை உருவத்தை ஒன்றாக்க வேண்டுமானால், எந்த உருவத்தை என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். அத்தையின் கண்ணிமையா, அப்பாவின் மூக்குக்கண்ணாடி விளிம்பா? மஞ்சள் கட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் வைக்காமல் வளையத்தைத் திருகவே இயலாது. திருகுதல் உழைப்பு, எங்கே வைப்பது என்பது தேர்வு. இரண்டும் ஒரே செயலுக்குள் பிணைந்து கிடந்ததால் அவை இரண்டு என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று. உழைப்பைக் கருவி வாங்கிக்கொண்டபோது தேர்வையும் அதுவே வாங்கிக்கொண்டதாக எண்ணிவிட்டேன். கருவி அப்படிச் சொல்லவில்லை. தேர்வு வராதபோது நடுவை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். இன்று இயந்திரத்தைக் கொண்டு கட்டுரை எழுதிவரும் மாணவனை நாம் கண்டிக்கிறோம். எழுதும் உழைப்பை அது குறைத்ததற்காகக் கண்டிக்கிறோமா, எதை எழுதுவது என்ற தேர்வை அவன் அதனிடம் விட்டுவிட்டதற்காகக் கண்டிக்கிறோமா என்பதை நாம் பிரித்துப் பார்த்துப் பேசுவதில்லை. கண்டிக்கும் முன் ஆசிரியனாகிய நானும் என் நாட்காட்டிப் படத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

“ஒரு படத்துக்கா இத்தனை யோசனை?” என்றாள் மனைவி. படம் ஒன்றாக இருந்ததே காரணம் என்று எனக்குப் படுகிறது. கைபேசியில் பத்து எடுத்திருந்தால் ஒன்பதை அழித்துவிட்டு, பிழை என்ற ஒன்று நடந்ததையே மறந்திருப்பேன்.

மறுவாரம் நானே அத்தையை அழைத்தேன். கேமரா தவறு செய்யவில்லை என்றும், உங்கள் முகத்தைப் பார்த்துக் குறிவைக்க நான்தான் மறந்தேன் என்றும், இருவருக்கும் நடுவே இருந்த சுவரை அது பிடித்துவிட்டது என்றும் சொன்னேன். அத்தைக்குக் குவியமும் அளவுகோலும் விளங்கியிருக்க நியாயமில்லை. நடுவே இருந்த சுவர் என்பது மட்டும் விளங்கியிருக்கிறது. சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நாங்களும்தான் தள்ளித் தள்ளி நின்னோம்” என்றார்.

வரும் டிசம்பர் விடுமுறையில் ஈப்போவுக்குப் போகிறோம். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். புதுச் சுருளில் இன்னும் பதினொரு படங்கள் மீதம் இருக்கின்றன.