இல்லகத்துக் கொடியும் வளர்ப்போன் கடனும்

உயிர்கட்கு இரங்குதல் அறம் என்பதில் நம்மனோர்க்கு ஐயமில்லை. ஆயின், இரக்கம் ஒன்றே அமையுமா, இரங்கப்படும் உயிரின் இயல்பை அறிதலும் உடன் வேண்டுமா என்பது ஆராயத்தக்கது. இரக்கமுடையேம் என்னும் எண்ணத்தோடே ஓருயிர்க்குக் கேடு சூழ்தலும் கூடுமாதலின், இவ்வினாவைச் சிறிதென்று ஒதுக்குதல் இயலாது. எம் இல்லத்தில் வளர்ந்த ஒரு கொடியை முன்னிட்டு இதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அக்கொடியைத் தாவர நூலார் ஹோயா கார்னோசா என்பர். மெழுகுக்கொடி என நாம் வழங்கலாம். தடித்த இலைகளும் தொங்கிப் படரும் தண்டும் உடையது. மெழுகால் வார்த்தாற் போன்ற சிறு பூக்கள் குடைபோற் கொத்தாக மலரும். ஒவ்வொரு பூவிற்கும் இதழ் ஐந்து. நடுவே ஐந்து முனையுடைய விண்மீன் வடிவம் ஒன்று விளங்கும். இரவில் அதன் மணம் மிகும். கிள்ளினாற் பால் வடியும். சிவபெருமானுக்கு உவந்த எருக்கும் இதுவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சார்ந்தன. இது கீழ்த்திசை நாடுகட்கு உரியதேனும், இதன் இனத்துக் கொடிகள் சில நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இயல்பாக வளர்வன.

காட்டில் இக்கொடி பெரும்பாலும் மரங்களைப் பற்றி வாழும். மழை பெய்யுங்கால் நனைந்து, மழை நின்றபின் விரைவில் உலர்ந்து, காற்றோட்டமுள்ள பட்டை இடுக்குகளில் அதன் வேர் நிற்கும். தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைப்பதோடு, இலைத்துளைகளைப் பெரிதும் இரவிலே திறந்து பகலில் மூடிக்கொள்ளுதலின், நீர்ச்செலவும் அதற்குச் சிறிதே. இவற்றுள் ஒன்றையும் யாம் அப்பொழுது அறிந்திலேம்.

அன்பர் ஒருவர் அளித்த அக்கொடிக்கு, நாடோறும் பூசை முடிந்தவுடன் நீர் வார்த்தலை வழக்கமாகக் கொண்டோம். அதனை ஒரு தொண்டென்றே எண்ணி உள்ளம் மகிழ்ந்தோம். சின்னாளில் இலைகள் மஞ்சளித்துச் சுருங்கின. நீர்வேட்கையால் வாடிற்றெனக் கருதி இருபொழுதும் வார்க்கலானோம். வாட்டம் பெருகிற்று. தொட்டியைக் கவிழ்த்து நோக்கியபோது வேர்கள் கருகி அழுகிக் கிடந்தன. இடையறாது நனைந்த மண்ணில் காற்றுப் புகாமையின் வேர் மூச்சின்றி மடிந்தது. மடிந்த வேர் நீரை உறிஞ்சாமையின், நீர் சூழ்ந்திருப்பவும் இலை வறண்டது. நீரின்மையால் வரும் வாட்டமும் நீர்மிகையால் வரும் வாட்டமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றின. மருந்தெனக் கருதி யாம் கொடுத்ததே நோயாயிருந்தது.

இதற்கு ஒருவர், "புல்லும் கொடியும் பற்றி இத்துணை வருந்துவதென்னை?" என வினவலாம். தொல்காப்பியனார் புல்லையும் மரத்தையும் ஊற்றுணர்வாகிய ஓரறிவுடைய உயிர்களாக ஓதினர். எண்பத்துநான்கு நூறாயிரம் யோனி பேதங்களுள் தாவரம் 20 நூறாயிரம் என்பது நம் வழக்கு. ஓரறிவுயிர்க்குக் கருவி குறைந்ததன்றி உயிர்த்தன்மை குறைந்ததில்லை. மேலும், விலங்கு தாகமுற்றால் நீர்நிலை நாடிச் செல்லும். பசித்த குழவி அழும். தொட்டியில் நிறுத்தப்பட்ட கொடியோ செல்லவும் மாட்டாது, கூவவும் மாட்டாது. ஆதலின் அதன்பாற் செய்யும் பிழை எளிதில் வெளிப்படாது. வெளிப்படும்போது காலம் கடந்திருக்கும்.

அற்றேல், "அவ்வுயிர் நுகர்ந்தது அதன் வினைப்பயனே, வளர்த்தோன்மேற் குற்றமென்னை?" எனின், அது பொருந்தாது. வினைப்பயனை உயிர்க்குக் கூட்டுவிப்போன் இறைவன் என்பது உண்மையே. எனினும், இடைநின்று செய்வோன் தன் செய்கையால் தனக்கெனப் புதுவினை ஈட்டுகின்றான் என்பதும் நம் சித்தாந்தம். பிறன் ஊழைக் காட்டித் தன் கடனைக் கழித்துக்கொள்ளுதல் ஒருவற்கும் இயலாது. கொடியை மழையினின்றும் வெயிலினின்றும் பிரித்து அகத்தே கொணர்ந்தவன், அதற்கு வானத்தின் இடத்திலும் நிலத்தின் இடத்திலும் தானே நிற்கின்றான். அந்நிலையை வலிந்து ஏற்றவனுக்கு அறியாமை முழு விடையாகாது. அறிதற்கு முயலாமையும் குற்றமேயாம்.

யாம் முயலாதது ஏன் என எண்ணிப் பார்த்தோம். உயிரின் அறிவு அறிவித்தால் அறியும் இயல்பினது. கொடி தன் நிலையை மண்ணின் ஈரத்தாலும் இலையின் நிறத்தாலும் அறிவித்துக்கொண்டே இருந்தது. எம் விரலை மண்ணுள் இட்டு அறியும் அளவிற்குக்கூட யாம் அதனைச் செவிமடுத்திலேம். வார்க்குந்தோறும் எமக்குண்டாகிய மகிழ்ச்சியையே அதன் நலமென மயங்கினோம். "யாம் பேணுகின்றோம்" என்னும் முனைப்பு, பேணப்படும் பொருளையே மறைத்துவிட்டது. ஆணவம் பகை வடிவில் வருங்கால் அறிதல் எளிது; அன்பின் வடிவில் வருங்கால் அரிது.

அழுகாது எஞ்சிய நுனித்தண்டு ஒன்றை இரண்டு கணுவோடு நறுக்கி வேறு சிறு தொட்டியில் நட்டோம். தேங்காய்மட்டைத் துண்டும் கரித்துண்டும் கலந்து, நீர் தங்காது வடியுமாறு அமைத்தோம். காலை வெயில் படும் கீழ்ப்பக்கச் சாளரத்தருகே வைத்தோம். மேல்மண் நன்கு உலர்ந்தபின்னரே நீர் வார்த்தோம். குளிர்காலத்தில் இன்னும் குறைத்தோம். வேர் தொட்டியிற் சற்று நெருங்கியிருத்தலே இக்கொடிக்கு உகந்ததாதலின், பெரிய தொட்டிக்கு மாற்றும் ஆசையை அடக்கினோம். நாடோறும் நீர் வார்த்தலினும் வாராதிருத்தல் எமக்கு அரிய நோன்பாயிற்று. முதல் இரண்டாண்டு இலையன்றி வேறு காணவில்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு காம்பின் நுனியில் மொட்டுகள் அரும்பின. பூவை விளைத்தவர் யாமல்லேம். தடை நீங்கிய வழி, பருவம் வந்தபோது, அக்கொடி தானே பூத்தது. மலபரிபாகம் எய்துங்காறும் காத்து நிற்கும் திருவருளின் பொறுமையைச் சிற்றளவில் உணர்தற்கு அக்காத்திருப்பு எமக்கு உதவிற்று.

கிளை பிழைத்தமையால் முன்செய்த பிழை கழிந்ததென்று கொள்ளலாமோ எனின், கொள்ளேம். கிளை தழைத்தது அதன் ஆற்றலால். வேர் அழுகியது எம் செய்கையால். பின்னதை முன்னதனால் மறைத்தல் கணக்கிற் பொய்யெழுதுவதை ஒக்கும்.

இனி, "துறவு நாடும் நெஞ்சினர்க்கு இக்கொடி வளர்ப்பும் ஒரு பற்றாகாதோ?" என்பார்க்குக் கூறுவது இது. நந்தவனப் பணி சரியைத் தொண்டுகளுள் ஒன்று. திருப்புகலூரில் மலர் கொய்து மாலை தொடுத்த முருக நாயனார் அடியார் வரிசையில் வைத்து வணங்கப்படுகின்றார். "என் கொடி" என்னும்போது பற்று உண்டு. "என்பால் ஒப்புவிக்கப்பட்ட உயிர்" என்னும்போது கடன் உண்டு. முன்னது கொடி தனக்கு என்ன தரும் என்று பார்க்கும். பின்னது கொடிக்கு என்ன வேண்டும் என்று கேட்கும். ஹோயா என்னும் பெயரின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 1810 ஆம் ஆண்டில் ராபர்ட் பிரௌன் என்னும் தாவர நூலார் இவ்வினத்திற்குப் பெயரிட்டபோது, இலண்டனை அடுத்த சயன் மாளிகைத் தோட்டத்தைப் பேணிய தாமஸ் ஹோய் என்பவர் பெயரை இட்டனர். தோட்டமுடைய நார்தம்பர்லாந்துக் கோமகன் பெயர் அதற்கு வாய்க்கவில்லை. தோட்டக்காரன் பெயரே நின்றது.

மலர்ந்த கொத்தை இறைவன் திருமுன் வைக்க விழைந்து கத்தரிக்கோலை எடுத்தோம். நன்கறிந்த அன்பர் ஒருவர் தடுத்தனர். பூ உதிர்ந்த பின்னும் அக்காம்பு வாழும். அடுத்த பருவத்துப் பூ அதே காம்பின் நுனியிலிருந்தே எழும். அதனை வெட்டினால் கொடி புதுக்காம்பு விடுங்காறும் பூவின்றி நிற்கும் என்றனர். இரக்கத்தாற் செய்த கேட்டை, பத்தியாற் செய்யவும் ஒருப்பட்டிருந்தோம் என அறிந்து நாணினோம். காம்பை விடுத்துப் பூக்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கொய்து சார்த்தினோம். மறுவருடம் அக்காம்பிலேயே மீண்டும் மொட்டு எழுந்தது.

ஆதலின், அடுக்குமாடி வீட்டின் சாளரத்தருகே ஒரு கொடியைத் தொங்கவிடும் அன்பர்கள், நீர்க்குடத்தை எடுக்குமுன் ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பார்ப்பாராக. அத்தொடுதலினின்றே இரக்கம் அறமாகத் தொடங்குகின்றது.