தண்ணீர்க் கணக்கு

கரிசல் மண்ணில் அமைந்த எங்கள் குருவிகுளத்தில் தண்ணீருக்கு மீட்டர் பார்த்துப் பழக்கமில்லை. இணைப்புக்கு மாதம் இவ்வளவு என்று ஊராட்சி கேட்கும், கொடுத்துவிடுவோம். வந்தது பத்துக் குடமா, பதினைந்தா என்று எவரும் எண்ணுவதில்லை. வராத நாளில் வருந்துவோமேயன்றி வழக்காடுவதில்லை. இந்தப் பழக்கத்தோடு வெளியூர் சென்று கடை வைக்கும் நம் பிள்ளைகள், அங்கே சுவரோரம் சுழலும் சிறு கருவியொன்று தங்கள் பணத்தை அளந்துகொண்டிருப்பதைப் பொருட்படுத்துவதேயில்லை.

என் மருமகன் ஒரு நகரில் கூட்டாளி ஒருவருடன் உணவகம் நடத்துகிறான். அவன் கடை மீட்டர் நின்றுபோய், ஐந்து மாதங்களுக்குச் சராசரிக் கணக்கில் கட்டணம் போடப்பட்டது. சராசரி எடுக்கப்பட்டதோ, மாடியில் திருமண மண்டபம் நடந்துவந்த காலத்தை வைத்து! மண்டபம் மூடி ஓராண்டு ஆகியிருந்தது. வழக்கமான தொகையைப்போல் இரு மடங்கு அவன் செலுத்தியிருக்கிறான்.

"அலுவலகப் படியேறி வாதாட எனக்கு மனமில்லை, மாமா. போனது போகட்டும், ஸபூர் செய்துகொள்கிறேன்" என்றான்.

பொறுமை உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவன் விட்டுக்கொடுப்பது யாருடைய உரிமையை? தன் சட்டைப்பையிலுள்ளதை ஒருவன் மன்னித்து விடலாம். கடைப் பணத்தில் பாதி கூட்டாளியுடையது. அது இவன் கையில் அமானிதம். மிகையாகச் சென்ற தொகை நாளை இட்லியின் விலையில் ஏறும். அல்லது மேசை துடைக்கும் சிறுவனுக்குத் தரவேண்டிய கூலி உயர்வு தள்ளிப்போகும். பிறர் செலவில் காட்டும் பெருந்தன்மையைப் பொறுமை என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. உண்மையில் அது அலுவலகத்தைக் கண்ட அச்சம். பலவேளைகளில் வெறும் சோம்பல்.

வழியில்லாமலும் இல்லை. முதலில் எழுத்துமூலம் முறையிட்டு, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். நுகர்வோர் சட்டம் வணிக நோக்கில் பெறும் சேவைக்குப் பெரும்பாலும் இடந்தருவதில்லை. ஆனால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தத்தின்படி அமைந்த நிரந்தர மக்கள் நீதிமன்றங்கள், தண்ணீர் வழங்கல் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவை பற்றிய பிணக்குகளை விசாரிக்கின்றன. வழக்கு வேறு நீதிமன்றத்துக்குச் செல்லுமுன் அங்கே மனுச் செய்யவேண்டும். நீதிமன்றக் கட்டணம் இல்லை. கருவியைச் சோதிப்பதும் எளிது. எல்லாக் குழாய்களையும் அடைத்த பின்னும் முள் நகர்ந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. 200 லிட்டர்ப் பீப்பாயை நிரப்பிப் பார்த்தால் அளவின் மெய் பொய் தெரிந்துவிடும். விட்டு விட்டு நீர் வரும் ஊர்களில், நீருக்கு முன்னே ஓடிவரும் காற்றும் முள்ளைச் சுழற்றும்; காற்றுக்கும் காசு கொடுப்பவர்கள் நாம்!

இங்கிலாந்தில் 2017 ஏப்ரல் முதல் வணிகர்கள் தமக்குக் கட்டணச் சீட்டு அனுப்பும் நிறுவனத்தைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். பழைய சீட்டுகளைச் சோதித்து, மீட்ட தொகையில் பங்கு பெறுவது அங்கே ஒரு தொழில். நம் நாட்டு வழக்கறிஞர்கள் அவ்வாறு வழக்கின் முடிவைப் பொறுத்துக் கூலி பேசுவதற்கு அவர்களின் ஒழுங்குவிதி தடை செய்கிறது. மற்றவர் பேசலாம். யூசுஃப் நபியின் வரலாற்றில் அரசரின் அளவைக் குவளை காணாமற்போக, அதைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அறிவிக்கப்பட்டதைச் சட்ட அறிஞர் பலர் இத்தகைய கூலிக்கு ஆதாரமாகக் காட்டுவர். தொலைந்த பொருள் ஓர் அளவை என்பது சிந்திக்கத்தக்கது.

மருமகனும் அவ்வாறு ஒருவரை அமர்த்தினான். அவர் சீட்டுகளை அடுக்கியபோது வேறொன்றும் வெளிவந்தது. சராசரிக் கணக்கு தொடங்குமுன் மூன்று மாதச் சீட்டுகளில் ஒரே எண்! மீட்டர் அப்போதே நின்றிருக்கிறது. குறைந்தபட்சக் கட்டணத்தோடு கடை தப்பியிருக்கிறது. "அதைத் தொடவேண்டாம். கண்டுபிடிக்காதது அவர்கள் தவறு" என்றாராம் அவர்.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம், பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைத்து வாங்கி, தாம் கொடுக்கும்போது குறைப்போரின் பெயராலேயே அமைந்தது. தராசு பிடிக்கும் வணிகனுக்கே அது உரியதென்று நினைத்துப் பழகிவிட்டோம். ஐந்து மாதத்தைக் கேட்டு மூன்று மாதத்தை மறைப்பவன் கையில் தராசு இல்லை. சீட்டுக் கட்டு இருக்கிறது. அவ்வளவே வேறுபாடு. அந்தத் தண்ணீருக்குரிய பணம், முறையாகக் கட்டணம் செலுத்தும் ஊராரின் ஹக்கு அல்லவா?

மனுவில் இரண்டு பத்திகள் எழுதச் சொன்னேன். எழுதினான். முதற்பத்தி அலுவலகம் திருப்பித் தரவேண்டியது. அடுத்தது அதில் கழித்துக்கொள்ள வேண்டியது. அமர்த்தப்பட்டவருக்கு முகம் வாடிவிட்டது.

"இவருக்குரிய பங்கை எதில் கணக்கிடுவது மாமா? முதற்பத்தித் தொகையிலா, கழித்துக் கையில் நிற்பதிலா?" என்று மருமகன் தொலைபேசியில் கேட்டான்.

"முதற்பத்தியில்தான். அவர் வேலையை அவர் செய்துவிட்டார்" என்றேன்.

சற்றுநேரம் பேச்சில்லை. "கூட்டாளியிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் மாமா" என்றான்.