பெயரை மூடும் வர்ணம்

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் இலங்கையில் பழைய வண்டிகளின் ஆயுள் நீண்டது. மாத்தளையில் என் மாமாவும், தோட்டமொன்றில் ஓடித் தேய்ந்த லாண்ட் றோவர் ஒன்றை வாங்கினார். தம்புள்ளைக்கு அப்பால் வறண்ட வலயத்து வெயிலில் நெடும்பயணம் போவது அவர் ஆசை. அதற்காக வெப்பம் ஏற்காத வெள்ளை வர்ணம், கூரைக்குமேல் காற்றுக்கு இடம் விட்டு இன்னொரு கூரை, வேறு எஞ்சின். இத்தனையும் மாறியபின் அது அதே வண்டிதானா? தீசியசின் கப்பலைக் குறித்துப் புளூட்டாக் பதிந்துவைத்த பழைய விவாதம் இது. அலுமினிய உடலைவிட இரும்புச் சட்டகமே எளிதில் துருவேறும். சட்டமோ அதன்மீதுள்ள எண்ணிலேயே அடையாளத்தைத் தேடுகிறது!

எனினும் என்னை வருத்தியது வேறொரு வினா. கதவின் பச்சையைச் சுரண்டியபோது அடியில் தோட்டத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் வெளிப்பட்டது. பழைமைக்கு அழகென்று அதை விட்டுவைக்க விரும்பினார் மாமா. வரலாறு பேணப்பட வேண்டுமென்று நானும் வாதாடினேன். வர்ணம் பூச வந்த முதியவர் அத்தோட்டத்து லயத்திலே பிறந்தவர்.

"தம்பி, இந்த வண்டிச் சத்தம் கேட்டா எங்கம்மா குனிஞ்ச தலை நிமிராது" என்றார்.

பேணுதல் அறமென்கிறோம், யாருடைய நினைவைப் பேணுகிறோமென்று கேட்பதில்லை. மூடுவதும் எனக்கு முழு நியாயமாகத் தோன்றவில்லை. அத்தாயின் அச்சத்துக்கும் அப்பெயரன்றி வேறு சான்றில்லை. ஆயினும் அதனை விட்டுவைக்கும் உரிமை எமக்கில்லை என்பதே என் துணிபு. முடிவை அவரிடமே விடும்படி மாமாவை இணங்கச் செய்தேன்.

அவர் அக்கதவிலிருந்தே பூசத் தொடங்கினார்.