கடமை உண்டு, கணக்குக் கேட்பவர் யார்?

1983-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் 1752 விதிகள் உள்ளன. அவற்றுள் 529-ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். பங்குத் தந்தை குடும்பங்களைத் தேடிச் செல்லவேண்டும். நோயாளிக்குத் துணை நிற்கவேண்டும். ஏழையை, துணையற்றவரை, நாடிழந்தவரை நாடிப் போகவேண்டும். அவருக்கு விடுமுறைகூட ஆண்டுக்கு ஒரு திங்கள்தான். வறுமையால் எவருக்கும் அருட்சாதனம் கிட்டாமற் போகலாகாது என்கிறது இன்னொரு விதி. நல்ல ஏடு! நாம் மறுக்கவில்லை.

ஆனால், அவர் தவறினால்?

தங்கள் கருத்தை ஆயருக்கு அறிவிக்கும் உரிமை மக்களுக்கு உண்டு. 212-ஆம் விதி அதைத் தந்திருக்கிறது. கருத்துக் கூறலாம், தீர்ப்புக் கூறலாகாது! அமர்த்துபவர் ஆயர், அகற்றுபவரும் ஆயர். பங்கு மக்களிடையே நன்மதிப்பை இழப்பதும் அகற்றக் காரணமாகலாம் என்று சட்டம் ஒப்புகிறது. இழந்தாரா என்று முடிவு செய்யுமுன் ஆயர் கலந்துபேச வேண்டியதோ வேறு இரு பங்குத் தந்தையரிடம்! மதிப்பை எடைபோட்ட மக்களைக் கேட்டே தீரவேண்டும் என்று விதியில்லை. அவர்களுக்காகவே எழுதப்பட்ட கடமை, அவர்களை விலக்கிவைத்து அளக்கப்படுகிறது. இது என்ன நீதி?

சாகக் கிடந்த தாயைப் பார்க்க வராத குருவைப் பற்றி மகன் எழுதும் மனு, இன்னொரு குருவின் மேசைக்குத்தான் போய்ச் சேருகிறது.