விலைக்கு வாங்கிய நிர்ப்பந்தம்

உண்ணாமலிருப்பதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று பட்டினி, மற்றது நோன்பு. வயிறு ஒன்றுதான், அதற்குள் நடக்கிற காரியமும் ஒன்றுதான். ஆனாலும் ஒன்றின் இடத்தில் மற்றதை யாரும் சொல்லிவிட மாட்டார்கள். நடப்பதையும் இப்படி நடை என்றும் யாத்திரை என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். ஓடுவதற்கு மட்டும் ஒரே சொல். துரத்தப்பட்டவன் ஓடுவது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, வீட்டில் சொல்லாமல் ஊரைவிட்டு ஓடிப்போவது, பணம் கட்டிப் பெயர் பதிந்து நெஞ்சில் எண் குத்திக்கொண்டு ஓடுவது எல்லாம் ஓட்டம்தான். போதாததற்கு நம் பாஷையில் கடிகாரம் ஓடுகிறது, சினிமா ஓடுகிறது, குடும்பமும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சொல் வறுமை தற்செயலானதல்ல என்று நினைக்கிறேன். நோன்பாக ஓடுவது என்ற ஒன்று நமக்கு அதிகம் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்த விதிவிலக்கு குமரி மாவட்டத்தின் சிவாலய ஓட்டம். சிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு, கையில் விசிறியுடன், கோவிந்தன் பெயரைக் கூவிக்கொண்டு ஓடுகிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். இப்போது வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் சுற்றி வருபவர்கள் நிறையப் பேர். அதற்கும் ஓட்டம் என்றுதான் பெயர். நம் மொழி தாராளமானது.

நான் ஓடுகிறவன். சேலையூர்வாசி. விடிவதற்குமுன் ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து பெருங்களத்தூர், வண்டலூர் என்று போய்த் திரும்புவது பல வருஷப் பழக்கம். மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புரிகிற அளவில் சொன்னால், கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் ஏறக்குறைய கூடுவாஞ்சேரியில் இறங்க வேண்டிய தூரம். 1931இல் மின்சார ரயில் வந்ததிலிருந்து தாம்பரத்து ஜனங்கள் அதில் பெரும்பகுதியைச் சீஸன் டிக்கெட்டில் தினமும் இரண்டு தடவை கடந்துகொண்டிருக்கிறார்கள். உட்கார இடம் கிடைத்தால் அதுவே அன்றைய வெற்றி.

தாம்பரம் மேற்கில் ஒரு பூக்காரம்மா. கோயம்பேட்டிலிருந்து மூட்டையுடன் அவர் வந்து இறங்குகிற நேரமும் நான் ஓட்டத்தை முடிக்கிற நேரமும் ஒன்று. 2020 ஜனவரியில் மாரத்தான் ஓடப் பம்பாய்க்குப் போவதாகச் சொன்னேன். (மும்பை என்று பெயர் மாறியது 1995இல். அவருக்கும் எனக்கும் இன்னும் பம்பாய்தான்.) அவர் கேட்டார்: “ஏன் ஸார், இங்க ரோடு இல்லையா?”

நக்கலில்லை. உண்மையான சந்தேகம். பதிலாகச் சொல்லக்கூடியவை என்னிடம் நிறையவே இருந்தன. பம்பாயில் ஜனவரி விடியற்காலை இங்கேவிடக் கொஞ்சம் குளுமை. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து ஓடுவார்கள். சாலையில் வண்டி விடமாட்டார்கள். கடலுக்கு மேலே பாலத்தில் ஓடலாம். எல்லாம் உண்மை, எதுவும் பதில் இல்லை. சென்னையிலேயே ஜனவரியில் ஒரு மாரத்தான் நடக்கிறது. அதில் ஓடினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

அதுதான் விஷயமே. வீட்டுக்கு வந்துவிடலாம். தாம்பரத்தில் ஓடுகிறவன் எந்த நிமிஷமும் நின்றுவிட முடியும். முப்பதாவது கிலோமீட்டரில் கால் கல்லானால் ஒரு ஆட்டோவைக் கைகாட்டினால் போதும், இருபது நிமிஷத்தில் மின்விசிறியின் கீழே இருக்கலாம். நின்றுவிட முடியும் என்ற அறிவு உள்ளவரை ஒவ்வொரு அடியும் புதிதாக எடுக்க வேண்டிய ஒரு தீர்மானம். தீர்மானங்கள் களைப்பைக் காட்டிலும் அதிகம் களைப்பூட்டுபவை. ஆகவே மனிதன் ஒரு தந்திரம் செய்கிறான். ஆறு மாதத்துக்கு முன்பே பணம் கட்டுகிறான், ஆபீஸில் லீவு சொல்கிறான், தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைக்கிறான், பம்பாய் மெயிலில் ஏறி ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர், பூனா என்று சுமார் 1,300 கிலோமீட்டர் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் உட்கார்ந்து போகிறான், இந்த நாற்பத்திரண்டை ஓடுவதற்காக. இவ்வளவுக்கும் பிறகு நிற்பது அசாத்தியமாகிவிடுகிறது. சுதந்திரமாக இருந்த ஒருவன் தன் செலவில், தன் முயற்சியில், தனக்கு ஒரு நிர்ப்பந்தத்தைத் தயாரித்துக்கொள்கிறான். பயணம் அதற்குத்தான்.

பூக்காரம்மாவுக்கு இதெல்லாம் தேவையில்லை. நிர்ப்பந்தம் அவருக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

ரயிலில் எதிர் இருக்கையில் தாராவிக்காரர் ஒருவர். பூர்வீகம் திருநெல்வேலி. எதற்குப் பம்பாய் என்றார், சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எங்கப்பாவும் பம்பாய்க்குத்தான் ஓடுனாரு, அண்ணாச்சி. பதினாலு வயசுல” என்றார். தாராவியின் பழைய தோல் பதனிடும் தொழிலில் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்களுக்குப் பெரிய பங்குண்டு. அவருடைய அப்பா அங்கேதான் சேர்ந்தாராம். எங்கள் பக்கத்துக் குரோம்பேட்டையும் தோல் பதனிட்டுப் பெயர் பெற்ற ஊர்தான். ஓடுதல் என்ற ஒரே சொல் எங்கள் இரண்டு பேரையும் அந்த எதிரெதிர் பலகைகளில் உட்கார வைத்திருந்தது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, அவர் வேடிக்கையாக எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மாரத்தானின் ஆதிக் கதையில் ஓடியவன் ஒரு தூதன். கி.மு. 490இல் மாரத்தான் களத்திலிருந்து ஏதென்ஸுக்கு வெற்றிச் செய்தியோடு ஓடி வந்து சொல்லிவிட்டு விழுந்து செத்தான் என்பது பின்னால் சேர்ந்த கதை. ஹெரடோட்டஸ் சொல்வது வேறு: அவன் உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஓடினான். எப்படியானாலும் அவனிடம் ஒரு செய்தி இருந்தது. 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானை ஜெயித்த ஸ்பிரிடான் லூயிஸ் தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்தவன். பிழைப்பே பயிற்சியாக இருந்த மனிதன். 42.195 என்ற வினோதமான அளவு 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்ஸர் அரண்மனையில் ஆரம்பித்து மைதானத்தில் ராஜ குடும்பத்தின் இருக்கைக்கு முன்னால் முடிக்க வேண்டியிருந்ததால் வந்தது. 1921இல் அதையே நிலையான தூரமாக்கினார்கள். செய்தி போய்விட்டது, பிழைப்பு போய்விட்டது, யாருடைய சௌகரியத்துக்காகவோ வந்த தூரம் மட்டும் நமக்கு மிஞ்சியிருக்கிறது. நாங்கள் செய்தியில்லாத தூதர்கள்.

2020 ஜனவரி 19ஆம் தேதி ஓடினேன். விக்டோரியா டெர்மினஸ் என்று முன்பு அழைக்கப்பட்ட ஸ்டேஷனுக்கு எதிரே புறப்பட்டு, மரைன் டிரைவ், பெடர் ரோடு, வொர்லி, கடல் பாலம், பாந்த்ரா, திரும்பி மாஹிம். மாஹிமில் தெற்கே திரும்பி ஓடும்போது தாராவி இடது கைப் பக்கம் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. சாலை ஓரத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஆரஞ்சுச் சுளையும் பிஸ்கட்டும் நீட்டினார்கள். கடைசிக் கட்டத்தில் பெடர் ரோடு ஏற்றம் மறுபடியும் வரும். அங்கே எனக்கு மூச்சு கிடைக்கவில்லை.

மூச்சு கிடைக்காத மனிதர்களை நான் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறேன். டேவிட் சௌரி முத்து என்ற டாக்டர் 1928இல் எங்கள் ஊரில் காசநோய் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். அதனால் ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர். 1974இல் என் தகப்பனார் ஐந்து மாதம் அங்கே படுத்திருந்தார். வார்டிலிருந்து வேப்பமரத்தடி வரை நடந்து வருவார். எத்தனை அடிகளுக்கு ஒரு தரம் நிற்கிறார் என்று நான் எண்ணுவேன். நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைச் சட்டைக்கு மேலாகவே பார்க்கலாம். பெடர் ரோட்டில் என் நெஞ்சுக்கூடு செய்ததும் அதேதான். உடலுக்குத் தேர்வு என்பது தெரியாது. இது விரும்பி வந்த மூச்சிரைப்பு, இது வந்து சேர்ந்த மூச்சிரைப்பு என்று நுரையீரல் வித்தியாசம் பாராட்டுவதில்லை. அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

வலியின் அளவில் இல்லை. இரண்டு இடத்தில் இருக்கிறதாக எனக்குப் படுகிறது. ஒன்று, என் வலிக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. அது எங்கே இருக்கிறதென்று எனக்கு முன்கூட்டியே தெரியும். கிலோமீட்டர் கிலோமீட்டராக அட்டை வைத்திருக்கிறார்கள். தகப்பனாருக்கு யாரும் அட்டை வைக்கவில்லை. இன்னொன்று, என் வலிக்கு ஒரு பார்வையாளர் கூட்டம் இருந்தது. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்.

சிமோன் வெய்ல் 1934 டிசம்பரில் வாத்தியார் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலிக்குச் சேர்ந்ததை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அதுவும் தேர்ந்துகொண்ட நிர்ப்பந்தம்தான். வேண்டுமானால் திரும்பிப் போக அவளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் அவள் வெறும் துன்பத்தையும் மனிதனின் சுயத்தையே அழித்துவிடுகிற இடும்பையையும் வேறுவேறாகப் பிரித்தாள். பின்னதை யாரும் ஆசைப்பட்டு அடைய முடியாது என்பது அவள் நிலை. ஆசைப்பட்ட மாத்திரத்தில் அது வேறொன்றாகிவிடுகிறது. மாரத்தான் ஓடித் தன்னையே கண்டுபிடித்ததாகச் சொல்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். வெய்ல் தொழிற்சாலையில் கண்டது இதற்கு நேர் எதிர். அங்கே சுயம் கிடைக்கவில்லை, கழன்று போயிற்று. எங்களுக்குச் சுயம் கிடைப்பதன் காரணமே நிர்ப்பந்தம் போலி என்பதுதானோ என்னவோ.

தர்ம காரியத்துக்காக ஓடுகிறோம் என்ற வாதமும் இருக்கிறது. பம்பாய் மாரத்தானில் கோடிக்கணக்கில் நன்கொடை திரள்கிறது, நல்லதுதான். ஆனால் பணம் கொடுக்க ஒருவன் ஏன் இன்னொருவன் வியர்வையைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியதில்லை.

நான் பதக்கத்தோடு திரும்பி இரண்டே மாதத்தில், மார்ச் 25ஆம் தேதி, நாடு முழுக்க ஊரடங்கு. ரயில் இல்லை, பஸ் இல்லை. தாம்பரத்தைச் சுற்றி அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த வடக்கத்தித் தொழிலாளர்கள் தகரக் கொட்டகைகளில் அடைந்து கிடந்தார்கள். மே மாதத்தில் சென்னையிலிருந்து ஆந்திர எல்லையை நோக்கி நடக்க ஆரம்பித்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்தது. அதே மாதத்தில்தான் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, அடிபட்டு வேலையில்லாமல் கிடந்த தன் தகப்பனைக் கேரியரில் உட்கார வைத்து, டெல்லிக்குப் பக்கத்துக் குர்காவிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்ந்தாள். நான் மெயிலில் உட்கார்ந்து போன தூரத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு.

தேசம் அவளைக் கொண்டாடியது. அமெரிக்க ஜனாதிபதியின் மகள் அவள் மன உறுதியைப் பாராட்டி எழுதினாள். இந்திய சைக்கிள் சம்மேளனம், டெல்லிக்கு வந்தால் தேர்வு வைத்துப் பார்க்கிறோம், திறமையிருந்தால் பயிற்சி தருகிறோம் என்றது. நல்ல எண்ணத்தில் சொன்னதாகவே இருக்கும். ஆனால் எனக்கு அதைப் படித்தபோது உடம்பு கூசியது. பட்டினியாகக் கிடந்த ஒருத்தியிடம் போய், உன் நோன்பு பிரமாதம், போட்டிக்கு வருகிறாயா என்று கேட்பது அது. உண்ணாமலிருப்பதில் அந்தக் குழப்பம் நேராமல் இரண்டு சொற்கள் காவல் இருக்கின்றன. இங்கே காவலில்லை. அவள் செய்ததையும் நான் செய்ததையும் ஒரே அகராதியில் போட்டாயிற்று: சகிப்புத் திறன், மன உறுதி, சாதனை. என் பதக்கத்தில் இருக்கிற வார்த்தைகளை அவளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால் அவளை அந்தச் சாலையில் விட்டது யார் என்ற கேள்விக்கு வேலையில்லாமல் போயிற்று.

ஓடுவது பாவமென்று நான் சொல்ல வரவில்லை. நோன்பு இருப்பவன் பட்டினி கிடப்பவனைப் பரிகசிப்பதாக யாரும் கொள்வதில்லை. குமரியில் ஓடுகிறவன் கடன் தீர்க்கிறான். கடன்காரன் யார், எதற்குப் பட்ட கடன், எந்தக் கோயிலில் தீரும் என்பதெல்லாம் அவனுக்குத் தெளிவு. என் விஷயத்தில் கடன் கொடுத்தவனும் நானே, பட்டவனும் நானே. கணக்கு எப்போதும் நேராவதில்லை, ஆகவே வருஷா வருஷம் திரும்பப் போக வேண்டியிருக்கிறது.

பூக்காரம்மா இப்போதும் வருகிறார். முழங்கால் வலி என்று மூட்டையைத் தூக்க மகனைக் கூட்டிக்கொண்டு. வருகிற ஜனவரிக்கும் பெயர் கொடுத்து டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். எதிர் இருக்கைக்காரர் எதற்குப் பம்பாய் என்று கேட்டால், இந்தத் தடவை, சொந்த வேலையாக என்று சொல்வதாக இருக்கிறேன்.