கழைக்கூத்தாடி கற்பித்த அருளறம்

பிறர் துன்பத்திற்கு இரங்குதல் அறம் என்பதில் எச்சமயத்தார்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், பிறர்க்காகத் தன்னை முற்றும் மறந்து தேய்வதுதான் அருளா? தன் நலம் பேணுதல் தன்னலமா? படுக்கையில் கிடக்கும் பெற்றோரை இரவு பகலாகப் பேணுவோர் உள்ளத்தில் எழும் வினா இது. சற்றே ஓய்ந்தமர்ந்தால் குற்ற உணர்வு. ஓயாது உழைத்தாலோ எரிச்சலும் கடுஞ்சொல்லும்.

இவ்வினாவிற்கு விடையாகத் தக்கதொரு கதையைப் புத்தர் பெருமான் சேதகம் என்னும் ஊரில் தம் துறவியர்க்குக் கூறினார். அது சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. கழைக்கூத்தாடி ஒருவன் மூங்கிலை நிறுத்தி, மேதகதாலிகா என்னும் மாணாக்கரைத் தன் தோளுக்கு மேலே ஏறி நிற்கச் சொன்னான். ஒருவரையொருவர் காத்துக்கொண்டால் வித்தை காட்டிப் பொருள் பெற்று நலமாக இறங்கலாம் என்றான். மாணாக்கரோ அதனை மறுத்து, அவரவர் தம்மைக் காத்துக்கொள்வதே இருவர்க்கும் காப்பு என்றார். மேல் நிற்பவர் தம் நிலை தவறினால் கீழ் நிற்பவரும் வீழ்வார் அன்றோ?

மாணாக்கர் கூறியதே முறை என்றார் புத்தர். ஆனால் அதனோடு நிறுத்தவில்லை. விழிப்புணர்வைப் பயின்று தன்னைக் காப்பவன் பிறரையும் காக்கிறான். பொறுமை, இன்னா செய்யாமை, அன்பு, இரக்கம் ஆகியவற்றால் பிறரைக் காப்பவன் தன்னையும் காக்கிறான் என இரண்டையும் இணைத்தார்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்து மகாவிகாரையில் வாழ்ந்த புத்தகோசர், தம் விசுத்திமக்கத்தில் இதனை மேலும் விளக்குகிறார். மைத்திரி தியானம் தன்னிடமிருந்தே தொடங்குகிறது. நான் இன்பத்தை விரும்புவது போலவே பிறரும் விரும்புவர் என்பதற்குத் தானே சான்று. ஆயினும் தன்னோடு நின்றுவிட்டால் தியானம் கைகூடாது. அன்பர், அயலார், பகைவர் என அது விரிதல் வேண்டும். கருணைக்குப் பகை இரண்டு. கொடுமை தொலைவிலுள்ள பகை. துயரில் மூழ்குதல் அருகிலுள்ள பகை. பின்னது கருணை போலவே தோன்றுவதால் அதனை அடையாளம் காண்பது அரிது.

ஆகவே, நோயாளியின் அருகில் அமர்ந்து தானும் நோயாளியாவது கருணையின் நிறைவன்று. உறங்க வேண்டிய பொழுதில் உறங்கி, அமைதியுற்ற மனத்தோடு மீண்டும் வந்து ஒரு குவளை நீர் தருபவரின் கை நடுங்குவதில்லை, சொல்லும் சுடுவதில்லை. அவ்வுறக்கத்திற்கு வழிவிட்டு, அந்நேரம் பொறுப்பேற்பது இல்லத்தில் உள்ள ஏனையோரின் அறம். கழையின் மேல் நிற்பவர் தம் நிலையைக் காக்கட்டும். கீழ் நிற்பவர் தோள் கொடுக்க மறவாதிருக்கட்டும்.