கடன் என்னும் சொல்லின் இரு பொருள்

தமிழிலே ‘கடன்’ என்னும் சொல் இரு பொருள் தருவது. பிறரிடம் பெற்றுத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளும் கடன். ஒருவர் ஆற்றவேண்டிய கடமையும் கடன். பெற்றதைத் திருப்பிக் கொடுத்தல் வெறும் கொடுக்கல் வாங்கல் அன்று, அஃது ஓர் ஒழுக்கச் செயலுமாகும் என்ற எண்ணம் இச்சொல்லிலேயே அமைந்து கிடக்கின்றது. ஆயின் கடனட்டையினாற் பெறப்படும் கடன் இவ்விரு பொருளையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துவிட்டதோ என ஐயுறவேண்டியுள்ளது. கடனட்டைக் கடனாளியின் கடமை யாது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடனைத் தீர்த்தலே நீதி என்பது மிகப் பழைய கருத்து. பிளேட்டோவின் ‘குடியரசு’ என்னும் நூலின் தொடக்கத்தில், உண்மை பேசுதலும் பெற்றதைத் திருப்பிக் கொடுத்தலுமே நீதி என்ற வரைவிலக்கணம் ஆராயப்படுகின்றது. ஆயுதத்தை இரவல் தந்த நண்பன் சித்தங் கலங்கிய நிலையில் வந்து அதனைக் கேட்டால் கொடுக்கலாமா எனச் சோக்கிரட்டீஸ் வினவுகின்றார். திருப்பிக் கொடுத்தல் என்ற செயல் மட்டுமே நீதியாகிவிடாது என்பது அவர் வினாவினாற் பெறப்படும். கான்ற் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், திருப்பிக் கொடுக்க இயலாதென அறிந்திருந்தும் கொடுப்பேன் என வாக்களித்துக் கடன் பெறுபவனைப் பொய்வாக்குக்கு உதாரணமாகக் காட்டுகின்றார். அங்கே குற்றம் கொடுக்க இயலாமையில் இல்லை. அறிந்தும் மறைத்தலிலேயே உள்ளது. எனவே கடனாளியின் கடமை அவர் எதனை அறிந்திருந்தார் என்பதோடு பிணைந்ததாகும்.

ஊர்க்கடையிலே கொப்பியில் எழுதிக் கடனுக்குப் பொருள் வாங்கும் வழக்கத்தை நாமறிவோம். கடைக்காரர் கடனாளியின் வரும்படியை அறிவார். கடனாளி கடைக்காரரின் முகத்தை நாள்தோறும் காண்பார். கொப்பியிலே தொகை ஏறும்போது இருவருக்கும் உண்டாகும் கூச்சமே அக்கடனுக்கு எல்லையாயிற்று. இம்முறையிலே அவமதிப்பும் அடக்குமுறையும் இருந்தமை மறுத்தற்கில்லை. எனினும் அங்கே கடனுக்கு ஒரு முகம் இருந்தது. 1950இல் அமெரிக்காவிலே தோன்றிய டைனர்ஸ் கிளப் அட்டை மாதந்தோறும் முழுத்தொகையையும் கேட்டது. 1958இல் பாங்க் ஒஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்தவர்க்கு ஏறத்தாழ 60,000 அட்டைகளை அவர்கள் கேளாமலே அஞ்சலில் அனுப்பியபோது, நிலுவையைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் வசதியும் உடன் சென்றது. முகமில்லாத, முடிவுநாள் குறிக்கப்படாத கடன் இவ்வாறு பரவலாயிற்று.

முடிவுநாளின் இடத்தைப் பிடித்தது ‘ஆகக்குறைந்த கொடுப்பனவு’ என்னும் தொகையாகும். நிலுவை 200,000 ரூபா, ஆண்டு வட்டி 28 வீதம், ஆகக்குறைந்த கொடுப்பனவு நிலுவையின் 5 வீதம் எனக் கொள்வோம். முதல் மாத வட்டி ஏறத்தாழ 4,667 ரூபா. வட்டியும் சேர்ந்த நிலுவைக்குக் கேட்கப்படும் தொகை 10,233 ரூபா. நிலுவை குறையக் குறையக் கேட்கப்படும் தொகையும் குறைந்துகொண்டே செல்லும். புதிதாக எதனையும் வாங்காது, கேட்ட தொகையை ஒரு மாதமேனும் தவறாது 24 மாதங்கள் செலுத்தியவர் ஏறத்தாழ 181,000 ரூபா கொடுத்திருப்பார். எனினும் 101,600 ரூபா அளவில் இன்னும் நிலுவையாக இருக்கும். அவரே முதல் மாதம் செலுத்திய 10,233 ரூபாவைக் குறைக்காது மாதந்தோறும் செலுத்தியிருப்பின், 27ஆம் மாதத்திற் கடன் முற்றாகத் தீர்ந்திருக்கும். முதல் மாதத்தில் இவ்விரு வழிகளுக்குமிடையே ஒரு ரூபாவேனும் வேறுபாடில்லை என்பது நோக்கற்பாலது.

ஆகக்குறைந்த கொடுப்பனவைச் செலுத்தியவர் விதியை மீறியவரல்லர். ஆயின் அத்தொகை, தண்டப்பணம் விதிக்காதிருப்பதற்கு வங்கி வகுத்த நிபந்தனையேயன்றி, கடமையின் அளவன்று. கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்ற மனநிறைவே கடனை நீளச் செய்கின்றது.

இவ்வாறு கூறுவது பழி முழுவதையும் கடனாளி மீது சுமத்துவதாகாதா என வினவலாம். வினா நியாயமானதே. இலங்கை மத்திய வங்கி 2020 ஆகஸ்டில் கடனட்டை வட்டிக்கு 18 வீதத்தை உச்ச எல்லையாக விதித்தது. 2022 ஏப்ரலிற் கொள்கை வட்டி வீதங்கள் ஒரே தடவையில் 7 வீதப்புள்ளிகள் உயர்த்தப்பட்டபோது கடனட்டை வட்டிக்கான உச்ச எல்லையும் நீக்கப்பட்டது. கடனட்டை வட்டி 30 வீதத்தையுங் கடந்தது. 2023 ஆகஸ்டில் 28 வீதம் என்ற எல்லை விதிக்கப்பட்டது. 18 வீதத்தை நம்பிப் பொருள் வாங்கியவர், விலைவாசி ஏறிய அதே காலத்திலே, தாம் எண்ணியிராத வட்டியைக் கொடுக்க நேர்ந்தது. இவர் கான்ற் காட்டிய பொய்வாக்காளர் அல்லர். அன்றியும், 2022 ஏப்ரல் 12ஆந் திகதி அரசே தன் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்துவதாக அறிவித்தது. பின்னர் கடன் கொடுத்தோருடன் பேசி நிபந்தனைகளை மாற்றியமைத்தது. அரசுக்கு அது விவேகமெனின், தனியொருவர் வங்கியை அணுகிக் கடன் மறுசீரமைப்புக் கோருதல் மட்டும் இழிவாகுமா?

கடன் கொடுப்போர்க்கும் கடமையுண்டு. மேலே காட்டிய கணக்கு வங்கிக்குத் தெரியும். கடனாளிக்குப் பெரும்பாலும் தெரியாது. அமெரிக்காவின் 2009ஆம் ஆண்டுச் சட்டம், ஆகக்குறைந்த தொகையை மட்டும் செலுத்தினாற் கடன் தீர எவ்வளவு காலமாகும் என்பதையும், 36 மாதங்களில் தீர்க்க மாதந்தோறும் எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்குக் கூற்றிலேயே அச்சிடுமாறு பணித்தது. அறிந்ததை மறைத்தல் குற்றமெனின், அது கடன் கொடுப்பவர்க்கும் பொருந்தும் என்பதே அச்சட்டத்தின் உட்கருத்தாகும்.

எனினும், வட்டியின் கொடுமையை அறிந்தபின்னரும் கணக்குக் கூற்றைப் பிரித்துப் பாராது மேசை இழுப்பறையுள் இடுபவரை யாது சொல்வது? இங்கேதான் கடனாளியின் கடமை தொடங்குகின்றது. முதலாவது, பார்த்தல்: நிலுவை எவ்வளவு, வட்டி எவ்வளவு எனத் தாளில் எழுதுதல். இரண்டாவது, சொல்லுதல்: வீட்டாருக்கு மறைத்த கடன், ஒருநாள் தாயினதோ மனைவியினதோ நகையை அடகுக்கடைக்கு அனுப்பும், அப்போது வாக்களியாத ஒருவர் கடனைத் தீர்ப்பவராகின்றார். மூன்றாவது, வரையறுத்தல்: அட்டையைப் பயன்படுத்துவதை நிறுத்தி, தாமே விதித்த ஒரே தொகையை மாதந்தோறும் செலுத்துதல், அட்டைகள் பலவாயின் வட்டி கூடியதை முதலிலே தீர்த்தல். திருக்குறள் வரவு செலவு பற்றிய சிந்தனையை ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. செலவை அளத்தல் தன் வலியைத் தானே அளத்தலாகும்.

ஊர்க்கடைக்காரரின் முகம் இன்று இல்லை. கடனட்டையாற் பொருள் வாங்குபவர் தமது வருங்காலத்துச் சம்பளத்திலிருந்தே எடுக்கின்றார். இரண்டாண்டு கழித்து அதனைக் கொடுக்கப்போகின்றவரும் அவரே. அந்த மனிதரின் முகத்தை நினைத்துப் பார்த்து, அவருக்கு எவ்வளவு சுமையை விட்டுச்செல்கின்றோம் எனக் கேட்கத் தொடங்குமிடத்தில், கடன் என்னும் சொல்லின் இரு பொருளும் மீண்டும் ஒன்றாகின்றன.